ஆயரம்மா வண்டியில் போனவள்

ஜூலை 1, செவ்வாய்

கோயிலில் எல்லோருக்கும் பந்தி போடுகிற அசனப் பண்டிகைக்கு இன்னும் ஒரு மாதம்தான். கோயில் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று, வரவில்லை. பிரைமரும் பிரஷும் என் ஹார்டுவேர் கடையிலிருந்தே அனுப்பினேன். ஆயருக்குக் கீழுள்ள சபை முழுவதும் சேர்ந்த சேகரத்துக்குச் செயலர் என்று பேர்தான் பெரிது.

புது ஆயர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே நேசபுரத்தில் இன்னும் முடிவாகவில்லை. இத்தனை வருஷமும் ஆயரம்மா என்றால் ஆயருடைய மனைவி. இப்போது ஆயரே அம்மா. பேர் பொன்மலர், மதுரைக்காரர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. ஸ்கூட்டரில் தனியாகச் சுற்றுகிறார். பிரசங்கம் நன்றாக இருக்கிறது. நன்றாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு ஜாக்கிரதை உண்டு.

செவ்வாய் மத்தியானம் பெண்களைத் தான் குடியிருக்கிற குருமனைக்கு வரச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஜெபக்கூட்டமாம். வெள்ளையடிப்பைப் பார்க்கப் போன சாக்கில் ஜன்னல் ஓரமாக நின்றேன். பாட்டுச் சத்தம் இல்லை. யாரோ அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் நிழல் விழுந்ததோ என்னவோ, பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

தனசீலியும் உள்ளேதான் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அங்க என்னத்தப் பேசுனிய?"

"ஜெபம் பண்ணுனோம்."

"அழுதது யாரு?"

"ஜெபத்துல அழமாட்டாவளா?"

கட்டிய மனைவி எதையோ மறைக்கிறாள் என்றால் எனக்குத் தெரியாதா.

ஜூலை 3, வியாழன்

பைப் லோடு வந்தது. பாதி உடைசல். திருப்பி அனுப்பினேன்.

மஸ்கட்டிலிருந்து மகன் ஆல்வின் பேசினான். மே மாதம் லீவில் வந்துவிட்டுப் போனதிலிருந்து வேலை அதிகமாம். அவன் மனைவி பியூலாவுக்கு நாலு நாளாகப் பித்தம். சாப்பாட்டைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிறாள். வெயில் அப்படி. எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். பேத்திகள் இருவரும் தனசீலியிடமே தூங்குகிறார்கள்.

சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் வழக்கம்போல, இந்த வீட்டுக்கு ஒரு பேரனைத் தாரும் ஆண்டவரே என்று கேட்டேன். தனசீலி ஆமென் சொல்லவில்லை. கவனித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று ஆயரம்மாவின் பிரசங்கம் மரியாளிடம் தேவதூதன் வந்ததைப் பற்றி. கிறிஸ்மஸ் பிரசங்கத்தை ஜூலையில் செய்வதற்கு என்ன அவசரம். தூதன் செய்தியைச் சொல்லிவிட்டு ஓடிப்போகவில்லை, அந்தப் பெண் தன் வாயால் ஆகட்டும் என்று சொல்லும்வரை நின்றான், உலகத்தைப் படைத்தவரே ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றி அவளைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார், நாம் யாரைக் கேட்கிறோம் என்றார்.

பெண்கள் பக்கம் ஒரு அசைவுகூட இல்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயத்தைக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பொருளாளர் வேதமாணிக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

வாசலில் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, இது பிரசங்கம் இல்ல. யாருக்கோ சொல்லுத செய்தி."

எனக்கும் அப்படித்தான் பட்டது. யாருக்கு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. நாள் பூராவும் அதுவே.

ஜூலை 12, சனி

அசனத்துக்கு ஆடு பார்க்க வேதமாணிக்கத்தோடு போயிருந்தேன். வழியெல்லாம் ஆயரம்மா பேச்சுதான். அவருடைய கொழுந்தியாள் தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் ஆயரம்மா அங்கே பெண்கள் டாக்டரிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாளாம்.

"கல்யாணம் ஆகாதவிய, அங்க அவியளுக்கு என்ன சோலி?" என்றார்.

அவருக்கே ஏதாவது உடம்புக்கு இருக்கும் என்றேன். வேதமாணிக்கம் சிரித்தார். மதுரையிலிருக்கும்போதும் இப்படித்தான், பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கர்ப்பத்தைக் கலைத்துவிட்டு வருகிறவர் என்று ஒரு பேச்சு உண்டு என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். பேச்சு என்று மட்டும் சொன்னார்.

உயிரைக் கொடுப்பதும் எடுப்பதும் ஆண்டவருடைய காரியம். பியூலாவுக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, நினைவில்லாமல் கிடந்தாள். பிழைப்பது கஷ்டம் என்றார்கள். பிழைக்கவில்லையா? அந்த மாதமே கோயிலில் எழுந்து சாட்சி சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் கண் கலங்கினார்கள். பியூலா அன்று வரவில்லை, அப்போது அவளால் நடக்க முடியாது.

ஜூலை 15, செவ்வாய்

பியூலா நாசரேத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். பிள்ளைகளை இங்கேயே விட்டுவிட்டுப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு நாளு அவளும் சும்மா இருந்துட்டு வரட்டும்" என்றாள் தனசீலி.

சிமெண்டு விஷயமாக நானும் கிளம்பினேன். தூத்துக்குடி ரோட்டு டீக்கடையில் நிற்கும்போது ஆயரம்மாவின் ஸ்கூட்டர் கடந்து போனது. பின்னால் ஒரு பெண். பச்சைச் சுடிதார். முகத்தைத் துப்பட்டாவால் கண் மட்டும் தெரியச் சுற்றியிருந்தாள். வெயிலுக்கு எல்லாப் பெண்களும் அப்படித்தான் கட்டுகிறார்கள், ஆனால் இவள் என்னைக் கண்டதும் தலையை மறுபக்கம் திருப்பினாள். ஆயரம்மா ஒரு கையை எடுத்துப் பின்னால் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒற்றைக் கையில் வண்டி ஓட்டுகிற அளவுக்கு என்ன அப்படி?

பச்சைச் சுடிதார் பாட்டுக்குழுவில் இவாஞ்சலின் போடுவது. அருள்தாஸ் வாத்தியாரின் மகள். பி.எட். முடித்துவிட்டுக் கல்யாணத்துக்கு இருக்கிறாள்.

ஜூலை 16, புதன்

பாட்டுப் பயிற்சிக்கு இவாஞ்சலின் வரவில்லை. காய்ச்சலாம்.

வேதமாணிக்கத்திடம் பச்சைச் சுடிதாரைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் செயலர் என்ற முறையில் மறைக்கவும் முடியாது.

ஜூலை 17, வியாழன்

பியூலா வந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. பஸ் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். தனசீலி ஆட்டுக்கால் சூப் வைத்துக்கொடுக்கிறாள், சின்னவளைத் தூக்கக்கூடாது என்கிறாள், துணி துவைக்கக் கூடாது என்கிறாள். கட்டிக்கொடுத்த எங்கள் மகளுக்குக்கூட இப்படிச் செய்ததில்லை. நான் அடுக்களைக்குள் போனதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். இந்த வீட்டிலும் குருமனை மாதிரி ஆகிவிட்டது.

ஜெபத்துக்கு உட்காரும்போது தனசீலி என் பக்கம் குனிந்து, "கொஞ்ச நாளைக்குப் பேரன் பேச்ச ஜெபத்துல எடுக்காதிய" என்றாள்.

"ஏன்?"

"எடுக்காதிய."

எனக்குக் கோபம் வந்தது. ஜெபத்தில் பேரனை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டேன். பியூலா எழுந்து உள்ளே போனாள். பிள்ளை அழுதிருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஆயரம்மாவின் அறைக்குப் போனேன். அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை தூத்துக்குடிக்கு யாரக் கூட்டிட்டுப் போனிய?"

"சபையில ஒருத்தங்களை."

"எதுக்கு?"

"அவங்களுக்குத் துணை வேணும்னு கேட்டாங்க. போனேன்."

"அந்த மாதிரிக் காரியத்துக்குத் துணைபோறதுக்கா சபை ஒங்களுக்குக் குருமனை கொடுத்திருக்கு?"

மடித்த அங்கியை மறுபடி பிரித்து மடித்தார். "அண்ணாச்சி, உங்க வீட்டுல ஒருத்தங்க எங்கிட்ட வந்து மனசுவிட்டு ஒண்ணு சொன்னா, அதை நான் வேற ஒருத்தர்கிட்டப் போய்ச் சொல்லலாமா?"

"எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் கெடையாது."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பயந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பயந்த முகம் மாதிரியும் இல்லை.

ஜூலை 24, வியாழன்

வருகிற ஞாயிறு சேகரக் கமிட்டி. ஆயரம்மாவை மாற்றச் சொல்லிப் பேராயருக்கு மனு எழுதுவது என்று வேதமாணிக்கம் சொல்கிறார். பெண்ணின் பேரையும் கமிட்டியில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் புகார் என்று தள்ளிவிடுவார்கள் என்கிறார். அருள்தாஸ் வாத்தியாரும் கமிட்டியில் இருக்கிறாரே என்றேன். "அதுக்கு நாம என்ன செய்ய?" என்றார்.

வாத்தியார் இன்று கடைக்கு வந்து தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு போனார். மகளுக்குத் திருநெல்வேலியில் ஒரு இடம் பார்த்திருக்கிறதாம், பண்டிகை முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்களாம். நல்லது என்றேன். வேறு என்ன சொல்ல.

ஜூலை 25, வெள்ளி

மத்தியானம் சாப்பிடும்போது தனசீலியிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை இவாஞ்சலின் பேர் கமிட்டியில் வருகிறது என்று. மீன் வைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டாள்.

"அவ பேர எடுக்காதிய."

"நான் கண்ணால பாத்தேன்."

"நீங்க பாத்தது அவ இல்ல."

"அப்போ ஒனக்கு யாருன்னு தெரியும்."

"தெரியும். வண்டியில போனது நம்ம பியூலா."

ஜூலை 26, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. கடையும் திறக்கவில்லை.

தனசீலி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பியூலா நாசரேத்திலிருந்துதான் ஆயரம்மாவோடு தூத்துக்குடிக்குப் போயிருக்கிறாள், பச்சைச் சுடிதார் அவள் அம்மா வீட்டில் கிடந்ததாம். ஆல்வின் வந்துவிட்டுப் போன பிறகு பியூலாவுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. தனசீலியிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது பிரசவத்தின்போதே டாக்டர், இன்னொன்று வேண்டாம், இப்போதே குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடலாம் என்று கேட்டாராம். வராந்தாவில் நின்ற நான், ரெண்டும் பொட்டப்பிள்ளை, ஆபரேஷன் எல்லாம் வேண்டாம் என்று சொன்னேனாம். எனக்கு அது சரியாக ஞாபகம் இல்லை. அன்றைக்கு எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள்.

"நீங்க சாயங்காலம்தோறும் கண்ண மூடிக்கிட்டுப் பேரன் கேப்பிய. அவ எதிர உக்காந்துகிட்டு வயித்துல கைய வச்சிருப்பா. நான் கண்ண மூடல, பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள் தனசீலி.

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பிய?"

பதில் எனக்கே தெரிந்தது.

வேதமாணிக்கத்துக்கு போன் செய்து, வண்டியில் போனது இவாஞ்சலின் இல்லை, நான் தவறாகப் பார்த்துவிட்டேன் என்றேன். "வாத்தியார் ஒங்ககிட்ட வந்து அழுதாரோ?" என்று கேட்டார். இனி நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர் அந்தப் பேரைச் சொல்லத்தான் போகிறார்.

சாயங்காலம் பியூலா பின்வாசலில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்து ஆறேழு வருஷம் ஆகிறது, அவளோடு தனியாக நின்று பேசியதில்லை. என்னைக் கண்டதும் துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பயப்படுகிறாள் என்று தெரிந்தது.

"ஆயரம்மா ஒன்னச் செய்யச் சொன்னாவளா?" என்று கேட்டேன். அப்படி இருக்கவேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன்.

"இல்ல மாமா. அவிய எதுவும் சொல்லல. டாக்டர்கிட்டப் போய் என் பழைய சீட்டெல்லாம் காட்டி, என்ன ஆபத்துன்னு விவரம் கேட்டு வந்து சொன்னாவ. ரெண்டு நாள் ஜெபம் பண்ணி யோசின்னாவ. வச்சுக்கிடணும்னு நெனச்சா பிரசவம் வரைக்கும் கூட வாறேன், வேண்டாம்னு நெனச்சாலும் கூட வாறேன், எதைத் தெரிஞ்செடுத்தாலும் ஆண்டவர் ஒன்ன விட்டுட்டுப் போகமாட்டாருன்னு சொன்னாவ."

"நீ பயந்துபோயிட்ட. விசுவாசம் இருந்தா..."

"வலிப்பு வந்தப்ப எனக்கு நாக்கு கடிபட்டுப் போச்சு மாமா. முழிச்சதுக்கு அப்புறம் மூத்தவ பேரு எனக்கு வரல. எம் பிள்ள பேரு எனக்கே வரல. நீங்க கோயில்ல சாட்சி சொன்னிய, நல்லாயிட்டான்னு. எங்கிட்ட ஒரு நாளும் கேக்கல."

பாவம் என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். இதைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

"தோணிச்சு. இப்பவும் சில நேரம் தோணுது, அழுவேன். ஆனா மறுபடி அதே எடத்துல நின்னாலும் அதத்தான் செய்வேன். இருக்குத ரெண்டுக்கும் நான் வேணும்லா." துணிகளை ஒவ்வொன்றாக மடித்தாள். "ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிய நிறுத்திட்டு ஆயரம்மா எங் கையப் பிடிச்சு ஜெபம் பண்ணுனாவ. அவியளுக்கு அழுக வந்துட்டு. நான்தான் தேத்துனேன்."

ஆல்வினிடம் நேற்றுதான் சொல்லியிருக்கிறாள். போனை வைத்துவிட்டானாம். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

நாளைய கமிட்டியைப் பற்றிச் சொன்னேன். ஒரு பாவமும் அறியாத பெண்ணின் பேர் கெடப்போகிறது, அதைத் தடுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும், என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவளிடம் ஒரு காரியத்தைக் கேட்டுச் செய்வது இதுதான் முதல் தடவை என்று கேட்டு முடித்தபிறகுதான் உறைத்தது.

கொடியில் கடைசியாகக் கிடந்த துணியையும் எடுத்தாள்.

"போனது நான்தான்னு சொல்லுங்க. இவாஞ்சலின் பாவம். ஆனா எதுக்குப் போனேன்னு சொல்லாதிய. அது எனக்கும் டாக்டருக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. கமிட்டிக்கு அதுல பங்கு கெடையாது."

"கேப்பாங்களே."

"கேப்பாவ" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

கமிட்டி நடந்தது. தலைமை ஆயரம்மா. அசனக் கணக்கு, பந்தல், சமையல் ஆட்கள் எல்லாம் பேசி முடித்தபின் வேதமாணிக்கம் எழுந்தார். சபையின் பெயரைக் கெடுக்கிற காரியம் ஒன்று நடந்திருக்கிறது, கர்ப்பத்தைக் கலைக்க நம் ஆயரே ஒரு பெண்ணை வண்டியில் வைத்துக் கூட்டிப் போயிருக்கிறார் என்றார். ஆயரம்மா தலை குனியவில்லை. மறுக்கவும் இல்லை.

"பிள்ள யாருன்னும் தெரியும். பாட்டுக்குழுவுல நிக்கிற பிள்ள. தகப்பனாரு நம்மகூடத்தான் உக்காந்திருக்காரு."

அருள்தாஸ் வாத்தியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் வைத்திருந்த மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

நான் எழுந்தேன்.

"அது வாத்தியார் மக இல்ல. அன்னைக்கு ஆயரம்மா வண்டியில போனது என் மருமக."

வேதமாணிக்கம்தான் கேட்டார்: "எங்க போனா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரிக்குன்னா என்னத்துக்கு?"

"அது கமிட்டிக்கு உள்ள காரியம் இல்ல."

"அப்போ அதுக்குத்தான்னு ஒத்துக்கிடுதிய."

"நான் ஒத்துக்கிடவும் இல்ல, மறுக்கவும் இல்ல. நீங்க கேட்டுக்கிட்டே இருக்கலாம். நான் சொல்லமாட்டேன்."

"இத்தன நாளும் தோண்டித் தோண்டிக் கேட்டது நீங்கதான அண்ணாச்சி."

"ஆமா. நான்தான்."

பின்வரிசையில் யாரோ, அவருக்கே தெரிந்துதான் நடந்திருக்கிறது, நம்மை முட்டாளாக்கிவிட்டார் என்றார்கள். இன்னொருவர், ஆயரம்மாவும் இவரும் முதலிலிருந்தே ஒரே கட்சி என்றார். நான் எப்படி எல்லோரையும் பார்த்தேனோ அப்படி என்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது. செயலர் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிச் சாவிகளை மேஜையில் வைத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெளியே வரும்போது ஆயரம்மா கூடவே வாசல்வரை வந்தார்.

"அண்ணாச்சி, பியூலாகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். இவ்வளவுதான் சொல்லச் சொன்னா."

தலையை ஆட்டினார். எனக்கு அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "நீங்க செஞ்சது சரின்னு ஒங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

"அவ கூடப் போனது சரின்னு தெரியும். மத்ததெல்லாம் ராத்திரி ஜெபத்துல இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. ஒரு உயிர் வந்து போயிருக்கிறது. ஆனால் பியூலா நினைவில்லாமல் கிடந்த அந்த நாட்களையும் இப்போது நினைக்கிறேன். அப்போது நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போனதே இல்லை. வராந்தாவில்தான் நின்றேன். டாக்டர் வந்து கேட்டதும் என்னிடம்தான்.

ஜூலை 29, செவ்வாய்

மனு போய்விட்டது. கையெழுத்துப் போட்டவர்கள் பாதிக்கும் குறைவு என்று கேள்வி. மத்தியானம் தனசீலியும் பியூலாவும் குருமனைக்குப் போனார்கள். வழக்கத்தைவிடக் கூட்டமாம். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

அசனம். பந்தி பரிமாறப் போன பியூலாவின் கையிலிருந்து சிலர் சோறு வாங்கவில்லை. அடுத்த ஆள் வரட்டும் என்று இலையைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். அவள் முகம் மாறாமல் அடுத்த இலைக்குப் போனாள். அருள்தாஸ் வாத்தியார் குடும்பத்தோடு வந்து அவள் பரிமாறுகிற வரிசையாகப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை, போகும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மத்தியானம் ஆல்வின் என் போனுக்குக் கூப்பிட்டான். இத்தனை நாள் கழித்து.

"என்னப்பா நடக்குது அங்க? ஊர்லேர்ந்து யார் யாரோ பேசுதாங்க. அவ என்ன செஞ்சா, ஏன் செஞ்சா, நீங்க எப்படி விட்டிய? நீங்க சொல்லுங்க."

"நான் சொல்லுறதுக்கு ஒண்ணுமில்லலே. அவகிட்டக் கேளு. கேட்டுட்டு, அவ சொல்லுததக் குறுக்க பேசாமக் கேளு."

உள்ளே போய் பியூலாவிடம் போனைக் கொடுத்தேன். வாங்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள். சின்னவள் அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள், தூக்கிக்கொண்டேன். மூத்தவளையும் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. பிள்ளைகளோடு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றேன். வெகு நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.